சரசுவின் பதினோரு நாள்

4 அக்டோபர் 1987, ஞாயிறு

விடிந்ததிலிருந்து தூறல். ஆபீஸ் கூரையில் ஒழுகல். நல்லவேளை, கம்ப்யூட்டருக்கு நேர் மேலே இல்லை.

டாக்டரம்மா வேலை இன்று ஆரம்பம். காசநோய் ஆராய்ச்சி. அவர் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் கிடையாது. நம் தேயிலைத் தோட்டத்தில் சம்பளக் கணக்குக்கு வந்த கம்ப்யூட்டர் ஞாயிறு முழுக்கச் சும்மா கிடக்கிறது. கொடுக்கலாம் என்று மானேஜர் துரையிடம் போய் நின்றவன் நான். கூட இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்றதும் நான்தான்.

வேலை: 1979 செக்ரோல், அதாவது ஆள்வரவுப் பதிவேடு, முழுவதையும் ஏற்ற வேண்டும். ஆள் ஆளாக, நாள் நாளாக. வேலைக்கு வந்தால் பி. வராவிட்டால் ஏ. நோய் என்றால் எஸ். பிறகு அவருடைய பிளாப்பியைப் போட்டால் அதுவே எண்ணும், மூன்று மணி நேரம். நடுவில் கரண்டு போனால் முதலிலிருந்து.

டாக்டரம்மா: "டிபின்னு தெரியறதுக்கு எத்தனை வாரம் முன்னாடியே சிக் லீவு ஆரம்பிக்குதுன்னு பாக்கணும், மிஸ்டர் ராஜு. தெரிஞ்சா அடுத்தவங்களைச் சீக்கிரமே எக்ஸ்ரேக்கு அனுப்பலாம்."

வீட்டில் மனைவி பாக்கியத்துக்குக் கடுப்பு. "ஞாயித்துக்கெழம கூடவா? ஒங்களுக்கு என்னாங்க கெடைக்குது இதுல?" சும்மாதான் என்றேன். என் தங்கை சரசு அந்த நோயில்தான் போனாள், அது பாக்கியத்துக்குத் தெரியும். மீதி தெரியாது.

வாங்க வேண்டியது: காலிபிளவர், கற்பூரம், குடைக்குக் கம்பி.

5 திங்கள்

மழை இல்லை. துரை கம்ப்யூட்டரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "மெஷின் ரோசாக் ஆச்சுன்னா நீதான்லா ஜவாப், ராஜு." ரிப்பேர் ஆகவில்லை. துணி போட்டு மூடிவிட்டேன்.

முதுகு வலி. பழைய எழுத்தையே எட்டு மணி நேரம் பார்த்ததில் கண்ணும் எரிச்சல். எல்லாம் என் கையெழுத்து; அன்றும் ஆபீஸ் கிராணி நான்தான்.

11 ஞாயிறு

பனி மூட்டம், எதிரே இருக்கும் மலை தெரியவில்லை. நாலாம் லயத்து வரிசை வீட்டு ஆட்களின் பக்கங்கள் வந்தன.

ஜூலை, சரசு. திரையில் பச்சை எழுத்தில் வரிசையாக: ஏ ஏ பி ஏ ஏ பி ஏ ஏ பி. பதினோரு ஏ, நடுநடுவே ஐந்து பி.

ஏன் அப்படி என்று எனக்குத் தெரியும். தொடர்ந்து மூன்று ஏ விழுந்தால் பேர் வெட்டு, வேலை போச்சு. அதனால் இரண்டு நாள் சுருண்டு படுத்துவிட்டு மூன்றாம் நாள் காய்ச்சலோடு பெரட்டுக்கு, காலை ஆள் கணக்கெடுப்புக்கு, வந்து நிற்பாள். நான் பேர் கூப்பிடுவேன். "இருக்கேன்" என்பாள், இருமலுக்கு நடுவில்.

தோட்டத்து மருந்தகத்து டிரஸர் தரும் சீட்டு இருந்தால்தான் எஸ். எஸ் கூடினால் அப்போதைய துரை கத்துவார். ஆனாலும் சீட்டு இல்லாமல் கெஞ்சிய சிலருக்குப் போட்டிருக்கிறேன். சரசுவுக்குப் போடவில்லை. தங்கச்சிக்குச் சலுகை காட்டுகிறான் என்று ஒருத்தரும் சொல்லக் கூடாதாம். பெரிய நேர்மை. அந்தத் தீபாவளிக்கு அவள் இல்லை.

இதுவரை ஏற்றியதை மூன்று மணிக்கு எண்ணி முடித்தது. டாக்டரம்மா தாளைப் பார்த்துக்கொண்டே, "நாலாம் லயத்துல நாலு பேருக்கு டிபி வந்திருக்கு. முன்னாடி ஆறு மாசத்துல ரெண்டே ரெண்டு எஸ். அப்போ முன்கூட்டியே காட்டிக்குடுக்கிற நோய் இல்ல போல" என்றார்.

"இருக்கலாங்க" என்றேன். என் வாயை என்ன சொல்வது.

12 திங்கள்

பாக்கியம் தீபாவளிக்கு முறுக்கு மாவு பிசைகிறாள். தப்பான தாளை நம்பி இனி ஒருத்தரையும் சீக்கிரம் எக்ஸ்ரேக்கு அனுப்ப மாட்டார்கள். இரண்டாம் தடவையும் கெடுப்பது நானேதான்.

13 செவ்வாய்

துரை ரிங்லெட் டவுனுக்குப் போன நேரம் பார்த்து ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். சரசுவுக்கும் மற்றவர்களுக்கும் நோய் நாளில் ஏ போட்டதை எல்லாம் சொன்னேன்.

"ஒங்க சொந்தத் தங்கச்சியா?"

"ஆமாங்க."

"மத்தவங்க ஏ-ல எதெது நோய்?"

"ஞாபகம் இல்லீங்க."

"அப்போ வீடு வீடாப் போய்க் கேளுங்க, மிஸ்டர் ராஜு. நான் மன்னிச்சு ஒண்ணும் ஆகப்போறதில்ல."

அது சரிதான்.

14 புதன்

வேலை முடிந்து நாலாம் லயம். முதலில் முருகையா வீடு, சரசுவின் புருஷன். லோரி ஓட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தான். தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தான். குடிக்காமலே சொல்லி முடித்தேன்.

"தெரியும் மச்சான்" என்றான்.

எழுந்து போய் முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு தாளை எடுத்து வந்தான். டிரஸர் சீட்டு. காய்ச்சல், இருமல், பதினாலு நாள் ஓய்வு. ஜூலைத் தேதி.

"ரெண்டாம் நாளு சாயங்காலம் வாங்கியாந்தோம். அதுக்குள்ள நீங்க மையில எழுதிட்டீங்க. கொண்டுபோய்க் குடுடின்னேன். குடுத்தா எழுதுன ரெண்டு நாளயும் அண்ணன் அடிச்சு எழுதணும், தொர ஏசுவாரு, இப்பத்தான் ஒரு தடவ ஏச்சு வாங்கியிருக்காங்கன்னா. அண்ணன் கேட்டா குடுக்கலாம்னா."

சீட்டின் தேதியை இன்னொரு தடவை படித்தேன்.

"நீங்க கேக்கல மச்சான்."

கோபமாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தினமும் காலையில் முகம் பார்த்துப் பேர் கூப்பிட்டவன், என்னம்மா உடம்புக்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதற்குத் துரையின் அனுமதி வேண்டியதில்லை.

சீட்டைக் கொடுத்தனுப்பினான். டாக்டரம்மா பார்த்ததும் திருப்பித் தர வேண்டும்.

16 வெள்ளி

லயத்தில் இன்று ஆறு வீடு. சிலருக்கு ஞாபகம் இருக்கிறது. ஒரு கிழவர், "இப்ப வந்து கேக்குறியாடா கிராணி" என்று கதவைச் சாத்தினார். பாக்கியத்திடமும் சொல்லிவிட்டேன். முறுக்கு டின்னை மூடினாள். பிறகு, "மிச்ச வீட்டுக்கு நானும் வர்றேன், பொம்பளைங்க எங்கிட்டதான் சொல்வாங்க" என்றாள்.

18 ஞாயிறு

நல்ல மழை. டாக்டரம்மா பத்து மணிக்குத்தான் வருவார். எட்டுக்கே வந்துவிட்டேன்.

சரசு பக்கத்தை எடுத்தேன். மையில் எழுதியதை அடிக்க அவ்வளவு பயந்தோம், அவளும் நானும். இங்கே கம்ப்யூட்டரில் ஒரு கட்டையை அழுத்தினால் ஏ போய் எஸ். காரணம் எழுதித் தா என்று யாரும் கேட்கவில்லை. பதினொன்றும் மாற்றினேன். ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை.

நடுவில் அந்த ஐந்து பி அப்படியே இருக்கிறது. வந்தாள், நின்றாள், மழையில் கொழுந்து பறித்தாள். அதற்கு என்ன எழுத்து போடுவது என்று டாக்டரம்மாவைக் கேட்க வேண்டும்.