காய்ந்த உப்பு

ஜூலை 9, செவ்வாய்

ஒன்பதாம் வகுப்பு. அயனிச் சேர்மங்கள். திட உப்பு மின்சாரத்தைக் கடத்தாது என்று காட்ட பேட்டரி, ஒயர், சின்ன எல்.இ.டி. பல்பு கொண்டுபோயிருந்தேன். உப்பு, மாணவி இசக்கிசெல்வி தன் அம்மா வேலை பார்க்கும் உப்பளத்திலிருந்து எடுத்து வந்தது. ஒயர்களைச் செருகினேன். பல்பு மங்கலாக எரிந்துவிட்டது! ஈரம்தான் காரணம். அதைச் சொல்வதற்குள் ஸ்டெபி, “எங்க ஊரு உப்பு சொன்ன பேச்சு கேக்காது டீச்சர்” என்றாள். வகுப்பே சிரித்தது. எனக்குக் காது சுட்டது. விளக்காமலே ஒயர்களைச் சுருட்டினேன்.

ஜூலை 10

அதே உப்பை வீட்டில் இரும்புச் சட்டியில் அரைமணி நேரம் வறுத்து எடுத்துப்போனேன். வறுத்ததை யாரிடமும் சொல்லவில்லை. பல்பு எரியவில்லை. போர்டில் எழுதினேன்: காய்ந்த உப்பில் அயனிகள் நகராது, மின்சாரம் பாயாது. அடுத்த வரி, தண்ணீர் சேர்ந்தால் பாயும். எழுதக் கையைத் தூக்கும்போது மணி அடித்தது. கணக்கு ஜீவமணி சார் வாசலில் நின்றுகொண்டு, “என்ன ஈவா டீச்சர், உப்பு வித்து முடியலையோ?” என்றார். ஒரு நிமிஷம் சார் என்று கேட்டிருக்கலாம். சாக்பீஸை வைத்துவிட்டு வெளியே வந்தேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

ஜூலை 11

மீதி வரியைச் சொன்னேன். செல்வி வரவில்லை.

ஜூலை 13

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து எழுதுகிறேன். செல்வியின் அம்மா செல்லத்தாய் அக்காவுக்கு வலது கை முழுக்கக் கட்டு. அளத்தில் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிமேல் உப்பு படிந்துவிடுமாம். எப்போதும் மெயினை அணைத்துவிட்டுத்தான் சுரண்டுவார்களாம். பத்தாம் தேதி சாயங்காலம் செல்வியும் கூட இருந்திருக்கிறாள். “காய்ஞ்ச உப்புல கரண்டு வராதும்மா, எங்க டீச்சர் செஞ்சே காமிச்சாவ” என்றாளாம். அக்கா மெயினை அணைக்காமலே சுரண்டியிருக்கிறார்கள், ஷாக் அடித்துவிட்டது.

அளத்தில் ஒருநாள் வெயில் பட்டாலே காய்ஞ்ச உப்புதான். கடல் காற்றில் அது உள்ளே எவ்வளவு ஈரம் குடித்திருக்கும்! நான் சொன்ன காய்ந்த உப்பு வேறு. வறுத்தது. அது எனக்கு மட்டும்தானே தெரியும்?

அக்காவிடம் வறுத்ததைச் சொன்னேன். பாதிதான் சொல்ல முடிந்தது. “நீங்க என்ன செய்வீய டீச்சர், புஸ்தகத்துல உள்ளதத்தான சொன்னீய” என்றார்கள். திட்டியிருக்கலாமே. ஏன் திட்டவில்லை?

ஜூலை 21, ஞாயிறு

அளத்துக்குப் போனேன். செல்வி அவள் அம்மாவின் பூட்ஸைப் போட்டுக்கொண்டு உப்பு வாரிக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் சிவப்பு. “நான் வரலன்னா அம்மா எடத்துல வேற ஆளப் போட்டுருவாவ டீச்சர்.” அவளைப் பள்ளிக்கு விடச் சொல்லிக் கங்காணியிடம் பேசினேன். “அப்ப நீங்க வந்து வாருதியளா?” என்று சிரித்தார். எங்கள் வீட்டில் முதல் டிகிரி நான். திரும்பி நடந்தேன்.

ஜூலை 26

மாதா கோயில் கொடியேற்றம். என் அம்மா கூப்பிட்டாள். போகவில்லை.

ஆகஸ்ட் 14

தலைமையாசிரியர் அழைத்தார். “ஒரு மாசமா வராத பிள்ளை. அடுத்த வருஷம் பத்தாப்பு, ரிசல்ட்டு அடிபடும். டி.சி.யை வாங்கிக்கிடச் சொல்லுங்க.” நடந்ததைச் சொன்னேன், முழுதாக. அவர் கதவைச் சாத்திவிட்டு, “இத வெளிய எங்கயும் பேசாதீங்கம்மா, ஒங்களுக்கே வேல நெரந்தரம் இல்ல” என்றார். செல்வி வீட்டுக்குப் போன் செய்யும் வேலையும் எனக்குத்தான். செய்தேன். செய்யாமல் இருந்திருக்கலாம் இல்லையா? செய்தேனே!

ஆகஸ்ட் 20

செல்லத்தாய் அக்கா டி.சி. வாங்கத் தனியாக வந்தார்கள். கிளார்க் கையெழுத்துக் கேட்டார். பேனாவை வாங்கினார்கள், விரல் மடங்கவில்லை. “போன வருசந்தான் செல்வி சொல்லிக்குடுத்தா, நல்லா போடுவேன்” என்று கிளார்க்கிடம் வெட்கத்தோடு சொன்னார்கள். ரேகை போதும் என்றார் அவர். இடது கை. மை டப்பாவை நான் பிடித்துக்கொண்டேன்.

துடைக்கத் துணி தேடினேன். கிடைக்கவில்லை.

“இருக்கட்டும் டீச்சர். ஒத்தக் கைய நான் எப்படிக் கழுவ? பொழுது சாய செல்வி வந்து கழுவி விட்டுருவா.”