வேம்பு பாட்டு

உப்சாலா, சுவீடன்
10.8.1970

அன்புள்ள அண்ணனுக்கு,

வேம்பு எழுதுவது. நான் சுகம். அம்மாவின் முட்டிவலி தேவலையா? நர்ஸ் படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம்தான்.

என்னோடு படிக்கும் இங்ரித்தின் ஊரில், மாடு மேய்க்கும் பெண்கள் உச்சக்குரலில் கூவினால் இரண்டு மைல் தள்ளி மேயும் மாடுகளும் திரும்பி வந்துவிடுமாம். அந்தக் கூவலும் பிடில் பாட்டுகளும் உள்ள இசைத்தட்டை அனுப்பியிருக்கிறேன். "உங்கள் ஊரில் இதை யார் கேட்பார்கள்?" என்று கூடப் படிப்பவர்கள் சிரிக்கிறார்கள். நம் தெருவில் போட்டுக் காட்டுங்கள். அம்மா என்ன சொன்னாள் என்று மறக்காமல் எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
வேம்பு

மேலவாய்க்கால், தரங்கம்பாடி வழி
7.9.1970

அன்புத் தங்கை வேம்புக்கு,

தட்டு உடையாமல் வந்தது. நெய்னா முகம்மது பாய் டீக்கடை ஒலிபெருக்கியில் போட்டோம். பிடிலுக்குத் தலையாட்டினார்கள். கூவல் வந்ததுதான் தாமதம், வயலில் நின்ற ஆண்கள் எல்லாம் கம்போடு ஓடி வந்துவிட்டார்கள்! மிராசுதார் ஆட்கள் தெருவுக்குள் வந்தால் நம் பெண்கள் அப்படித்தானே குரல் கொடுப்பார்கள்? கூலிச் சண்டை வேறு முற்றிக் கிடக்கிறது. பாய் தட்டைத் தூக்கிக் காட்டியதும் ஒரே சிரிப்பு. "வெள்ளைக்காரியும் நம்மளாட்டம்தான் கத்துறா" என்றாள் அம்மா.

இப்போது தினமும் கேட்கிறார்கள். 'வேம்பு பாட்டு' என்று பெயர் வைத்தாயிற்று.

அண்ணன்,
அரசப்பன்

உப்சாலா
25.9.1970

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதத்தை வகுப்பில் எல்லோருக்கும் படித்துச் சொன்னேன். இங்ரித் அழுதேவிட்டாள். எனக்கும் ஒரே பெருமை. தினமும் போடச் சொல்லுங்கள், பாய்க்கு என் சலாம். அம்மாவுக்குக் கம்பளிச் சால்வை அனுப்புகிறேன். அறுவடை நேரம், கவனமாக இருங்கள்.

வேம்பு

மேலவாய்க்கால்
18.10.1970

வேம்பு,

தந்தி கிடைத்திருக்கும். எப்படி நடந்தது என்று அதில் சொல்லவில்லை.

குறுவை அறுப்புக்கு மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கினார். நாங்கள் வரப்பில் மறித்து நின்றோம். பட்டப்பகலில் அவருடைய அடியாட்கள் தெருவுக்குள் புகுந்தார்கள். அம்மாதான் முதலில் பார்த்துக் குரல் கொடுத்திருக்கிறாள். மறுபடி மறுபடி கொடுத்தாள். எங்களுக்கு நன்றாகக் கேட்டது. "பாய் வேம்பு பாட்டு போட்டுட்டாரு" என்றான் ஒருவன். ஒருவன் என்ன, நான்தான் சொன்னேன்.

புகையைப் பார்த்த பிறகுதான் ஓடினோம். ஏழு வீடு போயிற்று. அம்மா வாசலிலேயே கிடந்தாள். வழக்கும் எங்கள் மேல்தான் போட்டிருக்கிறார்கள்.

உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பாய் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இனி ஆபத்து வந்தால் எப்படிக் கூப்பிடுவது என்று தெருவில் யாருக்கும் தெரியவில்லை. சால்வை இன்னும் வரவில்லை. வந்தால் யாருக்கென்று வாங்குவது?

இனி எனக்கு எழுதாதே வேம்பு. உன் கையெழுத்தைப் பார்த்தாலே அம்மா கூப்பிடுவது கேட்கிறது.

அரசப்பன்