சுவரில் பென்சில் கோடு

மார்ச் 4
ஸ்கேனில் தெரிந்துவிட்டது: வலது தோளில் தசைநார் கிழிந்திருக்கிறது. இருபது வருடமாக நூலகத்தின் மேல் அடுக்கிலிருந்து, யாரும் ஒருநாளும் கேட்டிராத கலைக்களஞ்சியங்களை இறக்கி, தூசி தட்டி, திரும்ப ஏற்றியதன் பலன். ஒரு ஸ்டூல் வேண்டும் என்று எட்டு முறை எழுதிக் கொடுத்தேன். பரிசீலனையில் இருக்கிறது.

மார்ச் 19
நாளை அறுவை சிகிச்சை. "சின்னதா நாலு ஓட்டை. உள்ள கேமரா விட்டு, கிழிஞ்சதை எலும்போட சேத்துத் தைச்சிடுவோம்" என்றார் டாக்டர். நாளைக்குள் ரவிக்கை கேட்டவளிடம் பேசும் தையல்காரரின் நிதானம்.
கை பழையபடி உயராவிட்டால், வாசலில் பை வாங்கி டோக்கன் கொடுக்கும் மேசைதான் எனக்கு நிரந்தரம் என்று தலைமை நூலகர் சொல்லியிருக்கிறார். புத்தகங்களோடு வாழ்ந்தவனுக்குப் பைகளா? தலைகீழாக நின்றாவது கையைத் தூக்கிவிட வேண்டும்.

மார்ச் 22
இடது கையால் எழுதுகிறேன். சுருக்கமாக: வலி.

ஏப்ரல் 2
சட்டைப் பொத்தான்களை மனைவிதான் போட்டுவிடுகிறாள். "அசையாதீங்க. இப்பவாவது நான் சொல்றதை முழுசா கேளுங்க." ஆறு பொத்தான், ஆறு குறை. மேல் பொத்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மே 12
கையைக் கழுத்தோடு தொங்கவிட்டிருந்த பட்டை கழன்றது. பிசியோ பெண் என் விரல்களைச் சுவரில் ஏறச் சொல்லி, எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போடுகிறாள்.

மே 26
ஒரே வாரத்தில் நான்கு விரற்கடை முன்னேற்றம்! பிசியோ தரையைப் பார்த்தாள்.
"சார், ஏறினது கை இல்ல. குதிகால்."

ஜூன் 29
வேலைக்குத் திரும்பினேன். தற்காலிகமாகப் பை மேசை. அவமானம்தான். நாற்காலி இருக்கிறது என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

ஜூலை 8
பதினொரு மணிக்கு மேல் ஈ காக்காய் இல்லை. ஒரு நாவலை முடித்தேன். இந்தக் கட்டடத்துக்குள் நான் முழுதாகப் படித்த முதல் புத்தகம். நடுவில் ஒருவர் வந்து பையைக் கேட்டார். என்ன மனிதரோ.

ஜூலை 20
"உங்களைப் போய் வாசல்ல உக்கார வச்சிட்டாங்களே, பாவம்" என்றாள் மனைவி. மறுக்கவில்லை. ஏழாவது நாவல்.

ஆகஸ்ட் 11
கடைசி அளவெடுப்பு. கை முழுதாக உயர்ந்தால் சான்றிதழ்; நாளை முதல் மேல் அடுக்கு. விரல்கள் சுவரில் ஏறின. போன வாரக் கோட்டுக்கு ஒரு சாண் கீழேயே நின்றுவிட்டன. உதட்டைப் பிதுக்கினேன்.
பிசியோ பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.
"அன்னைக்குக் குதிகால். இன்னைக்கு ஏன் சார் முட்டி மடங்குது?"