முதல் பந்தி

செஞ்சி
6-5-1964

இம்மானுவேல்

பிரியமுள்ள பாவாடைக்கு,

தலைப்பில் கர்த்தர் பெயரை எழுதியாகிவிட்டது. இனி இரண்டு பக்கத்துக்கு என் சொந்தக் கதைதான். வழக்கம் போலப் பொறுத்துக்கொள்.

ஈஸ்டர் முடிந்த கையோடு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு அவலூர்பேட்டைப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாய். இங்கே கோவிலில் பாட்டு படும் பாட்டைச் சொல்லி முடியாது. போன ஞாயிறு நானே ஆரம்பித்துப் பாடினேன். எடுத்த சுருதி அப்படி. பல்லவி ராஜகிரிக் கோட்டை மேல் ஏறி நின்றுகொண்டது, இறங்க வழி தெரியவில்லை. சபையார் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசிச் சரணத்தில் நானும் கர்த்தரும்தான். அவருக்கு எழுந்து போக இடமில்லை, பாவம். வீட்டுக்கு வரும் வழியில் கண்ணம்மாள், "பாவாடை வாத்தியாரு இருந்திருந்தா உங்கள இந்த அளவுக்கு உட்டிருப்பாரா" என்றாள்.

சேதி என்னவென்றால், பெரியவளுக்குக் கல்யாணம். இருபதாம் தேதி, நம் கோவிலில். திண்டிவனத்து இடம். சம்பந்தி அந்தச் சபையில் மூப்பர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லையாம். நான் மூன்று மாதமாக முயற்சி செய்கிறேன், உதடுகூட அசையவில்லை. பத்திரிகை இத்துடன் இருக்கிறது. பாண்டுரங்கன் கடையில் மளிகைக்குச் சொல்லிவிட்டேன்.

ரஞ்சிதத்துக்கு இருமல் விடவில்லை என்று கண்டக்டர் ஜெயராமன் சொன்னான். அழைத்துக்கொண்டு முதல் நாளே வந்துவிடு, இங்கே டாக்டரிடம் காட்டலாம். மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டமும் அன்றைக்கு இல்லை. மல்லாட்டை மூட்டை மேல் உட்காராமல் மனிதர் மாதிரி சீட்டில் உட்கார்ந்து வரலாம். சாக்குப்போக்குச் சொல்லாதே. முதல் பந்தியில் என் பக்கத்து இலை உனக்கு. இது சபைச் செக்கரட்டரியின் உத்தரவு.

உன்
துரைராஜ்


அவலூர்பேட்டை
12-5-1964

கிறிஸ்துவுக்குள் மதிப்புக்குரிய செக்கரட்டரி ஐயா அவர்களுக்குப் பாவாடை வணக்கத்துடன் எழுதுவது.

பத்திரிகை கிடைத்தது. பெண்ணுக்கு எங்கள் இருவர் ஆசீர்வாதம். ரஞ்சிதம் தலையணை உறை இரண்டு தைத்திருக்கிறாள், ஜெயராமனிடம் கொடுத்தனுப்புகிறேன். கல்யாணத்துக்கு வருவதற்கில்லை.

முதல் பந்தி என்று எழுதியிருந்தீர்கள். தெரிந்து எழுதினீர்களா, கைப் பழக்கமா என்று எனக்குத் தெரியவில்லை. நம் கோவிலில் திருவிருந்துக்கு ஊர்க்காரர்கள் முதல் பந்தியாகவும், எங்கள் சேரிக்காரர்கள் இரண்டாம் பந்தியாகவும் முழங்காலிடுவது என் தகப்பனார் காலத்துக்கும் முந்தைய வழக்கம். எல்லோரும் வாய் வைக்கும் பாத்திரம் ஒன்றே என்பதால் இந்த ஏற்பாடு. அதை மாற்றலாமா என்று புதுப் பாதிரியார் கேட்டபோது கமிட்டியில் எழுந்து பேசியவர் நீங்கள்தான். "கிறிஸ்து மொதல்ல. ஊரு, சேரியெல்லாம் அப்பறம். ஈஸ்டருக்கு நானும் பாவாடையும் ஒண்ணா முட்டி போடுறோம், யாரு இன்னா பண்றாங்கன்னு பாக்கலாம்" என்றீர்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஈஸ்டரன்று நானும் ரஞ்சிதமும் முதல் பந்திக்கு எழுந்து போனோம். இருபது பேர் முழங்காலிடும் இடத்தில் நாங்கள் இரண்டே பேர். நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தீர்கள். உங்களைப் பார்த்து மற்றவர்களும் எழவில்லை. பாதிரியார் எங்கள் இருவருக்கு மட்டும் அப்பத்தைக் கொடுத்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது ரஞ்சிதம் ஒன்றுதான் கேட்டாள். "ஏங்க, நாமதான் அவசரப்பட்டு முன்னாடி பூட்டமா? அவரு சொன்னது வேற நாளா இருக்குமா?"

அவளுக்குப் பதில் சொல்லத் தெரியாமல்தான் மாற்றல் கேட்டேன்.

தங்கள்
செ. பாவாடை


அவலூர்பேட்டை
19-7-1964

செக்கரட்டரி ஐயா அவர்களுக்கு,

முன் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. கல்யாண வேலை இருந்திருக்கும்.

ரஞ்சிதம் வியாழக்கிழமை சாயங்காலம் கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள். இங்கேயே அடக்கம் செய்தோம். அவள் ஞானஸ்நானம் பெற்றது செஞ்சிக் கோவிலில். ஆகவே அங்குள்ள பதிவேட்டில் ஒரு வரி எழுதிக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன். வயது முப்பத்தொன்பது. நுரையீரல் நோய்.

செ. பாவாடை


செஞ்சி
22-7-1964

பாவாடை,

எழுதியாயிற்று. பதிவேட்டை மூட மனசு வராமல் திறந்தபடி எதிரே வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

இது நாலாவது காகிதம். முந்திய மூன்றையும் கிழித்துவிட்டேன். ஒவ்வொன்றிலும் ஐந்தாவது வரிக்கு ஒரு வேடிக்கை வந்து உட்கார்ந்துகொள்கிறது. நாற்பத்தேழு வயது வரை வாயாலேயே பிழைத்தவனுக்கு, வாயை மூடிக்கொண்டு வருத்தப்படத் தெரியவில்லை. உன் மே மாதக் கடிதத்துக்குப் பதில் எழுதாததும் அதனால்தான். அதில் வேடிக்கைக்கு இடமே இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். ஈஸ்டரன்று திண்டிவனத்துச் சம்பந்தி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். பெண்ணைப் பார்த்துவிட்டுப் போனவர் அதுவரை முடிவு சொல்லவில்லை. கோவிலுக்குக் கிளம்புமுன் காப்பி குடித்துக்கொண்டே, "உங்க சபையில பந்தி ஒழுங்கெல்லாம் இருக்குதில்ல?" என்றார். "இருக்குதுங்க" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான். என் மனசின் முதல் பந்தியில் சம்பந்தி உட்கார்ந்தார், அப்புறம் என் பெண், அப்புறம் ஊர் வாய். கிறிஸ்துவை இரண்டாம் பந்திக்கு அனுப்பிவிட்டேன்.

கோவில் வாசலில் உன்னைப் பார்த்தேன். ரஞ்சிதம் புதுப் புடவை கட்டியிருந்தது. "இன்னிக்கு வேணாம் பாவாடை" என்று உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்னைப் பற்றி நீ என்ன நினைப்பாய் என்று பயந்து சொல்லாமல் விட்டேன். உன்னைத் தனியாக முழங்காலிட வைத்துவிட்டு உன்னிடம் என் மதிப்பைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்த புத்திசாலி நான்.

ஆகஸ்டு முதல் வாரம் பாதிரியார் அங்கே வந்து திருவிருந்து கொடுக்கிறார் என்று தெரியும். நான் வரட்டுமா? உன் பக்கத்தில் முழங்காலிட வேண்டும். ஒரு கார்டில் "வா" என்று எழுதினால் போதும்.

துரைராஜ்


அவலூர்பேட்டை
29-7-1964

அன்புள்ள துரை,

படிக்கிற காலத்தில் போர்டிங்கில் ஒரே பாயில் படுத்த உரிமையில் இப்படி எழுதுகிறேன்.

வரவேண்டாம்.

இங்கே நாங்கள் மொத்தம் பதினோரு பேர். பள்ளிக்கூடத் தரையில் வட்டமாக உட்காருகிறோம். பந்தி ஒன்றுதான். உன்னை இங்கே யாருக்கும் தெரியாது. என் பக்கத்தில் முழங்காலிட உனக்கு ஆகும் செலவு பஸ் டிக்கெட் மட்டும்தான். எனக்காகச் செய்வாய், செத்துப்போனவளுக்காகச் செய்வாய். எனக்கும் ஆறுதலாக இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கிறிஸ்துவுக்காக நீ செய்ய வேண்டியது செஞ்சியில் இருக்கிறது.

ரஞ்சிதத்தின் தம்பி சின்னப்பன் மாதாமாதம் அங்கே இரண்டாம் பந்தியில் முழங்காலிடுகிறான். ஒரு தடவை அவன் பக்கத்தில் போய் முழங்காலிடு. எனக்கு ஒரு வரி எழுது. அடுத்த பஸ்ஸில் வந்து பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்.

எனக்குக் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் "வா" என்று எழுதி வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

பாவாடை


செஞ்சி
6-9-1964

அன்புள்ள பாவாடை,

ஆகஸ்டில் எனக்குக் காய்ச்சல். நிஜமான காய்ச்சல்தான், வேண்டுமானால் கம்பவுண்டரைக் கேட்டுப் பார். ஆனால் தெர்மாமீட்டர் நூற்றிரண்டு காட்டியபோது எனக்குள் ஒருவன் "அப்பாடா" என்றான். அவனையும் எனக்குத் தெரியும்.

இன்று திருவிருந்து. பெண்ணைக் கொண்டுவந்து விட சம்பந்தியும் வந்திருக்கிறார். எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். முதல் பந்தி கூப்பிட்டபோது நான் எழவில்லை. கண்ணம்மாள் பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்தாள். "உடம்பு சரியில்லீங்களா?" என்றார் சம்பந்தி. தலையை ஆட்டினேன். அது ஆமாமா இல்லையா என்று எனக்கே தெரியாது.

இரண்டாம் பந்தி கூப்பிட்டார்கள். எழுந்தேன், பாவாடை. அதை மட்டும் நம்பு. என்னை யாரும் தடுக்கவில்லை, வேட்டியைப் பிடித்து இழுக்கவில்லை. நாலு பெஞ்சு தாண்டி நடந்தேன். சின்னப்பன் திரும்பிப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல், என்னவோ நான் மாதாமாதம் வருகிறவன் போல, ஓர் ஆள் முழங்காலிடும் அளவுக்கு நகர்ந்து இடம் விட்டான்.

இன்னும் பத்தடிதான். கோவில் மொத்தமும் என் முதுகைப் பார்ப்பது முதுகுக்குத் தெரிந்தது. என் பெண் அடுத்த வாரம் திண்டிவனத்துக்குத் திரும்பிப் போய் அந்த வீட்டில் வாழ வேண்டும் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது பெண்ணுக்காகவா, எனக்காகவா என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.

இடதுபுறம் ஒரு ஜன்னல் சாத்தியிருந்தது. அதற்காகவே எழுந்து வந்தவன் போல நேரே அதனிடம் போனேன். கொக்கி துருப்பிடித்திருந்தது. இரண்டு கையாலும் இழுத்துத் திறந்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். பந்தி முடியும் வரை சின்னப்பன் அந்த இடத்தை மூடவில்லை.

செக்கரட்டரி பதவியை விட்டுவிடுவதாகப் பாதிரியாரிடம் சொல்லியிருக்கிறேன். அதையும் பெரிய தியாகமாக நினைத்துவிடாதே. அது இன்னொரு ஜன்னல். பாட்டுக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிட்டேன். உன்னை இனி வரச் சொல்லிக் கேட்க எனக்கு வாயில்லை.

வேறு யாரோ சொல்லி உனக்குத் தெரிவதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதினேன். கோவில் விட்டு வெளியே வரும்போது சம்பந்தி என் தோளைத் தட்டினார். முதல் தடவையாகச் சிரித்தார். "நல்ல வேலை பண்ணீங்க. உள்ள ஒரே புழுக்கமா இருந்துது" என்றார்.

துரைராஜ்