மிரோஜனின் பெயரில் வந்த மெயில்

நாரந்தனை,
ஊர்காவற்றுறை.
ஐப்பசி, திங்கட்கிழமை.

அன்பு மகள் நிசாந்தினிக்கு,

நயினை அம்பாளின் துணையால் நானும் அப்பாவும் எழும்பி நடமாடுகிறோம். நீயும் மருமகனும் பிள்ளையும் அந்த நோர்வேக் குளிருக்குள் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் காலத்தில் அம்மா ஏன் கடதாசியில் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். எங்கள் வீட்டு மெயிலை நம்பி எழுதப் பயமாக இருக்கிறது, ரெலிபோனில் என்றால் அப்பா பக்கத்துக் கதிரையில் இருப்பார், எனக்கும் சொல்ல வருவதற்கு முன் அழுகை வந்துவிடும். இங்கே மழை தொடங்கிவிட்டது, கிணறு பாதிக்கு மேல் வந்துவிட்டது, அப்பாவின் முழங்கால் வலிதான் குறைவில்லை.

தம்பியின் பெயரில் உனக்கு வந்த மெயிலைப் பற்றித்தான் எழுத வந்தேன். "அக்கா, வாசல் படலைக்கு நீலப் பெயின்ற் அடிச்சாச்சு, படம் பிறகு அனுப்புறன்" என்று மிரோஜன் முன்பு எப்போதோ உனக்கு எழுதியதற்கு மேலே, படத்தைப் பார் என்று புதிதாக ஒரு வரியும் ஒரு இணைப்பும் இருந்ததாம், நீ அதைத் திறந்துவிட்டு அன்றைக்கு வேலைக்கே போகவில்லையாம், மருமகன் சொன்னார். உன்னைப் பிழை சொல்ல மாட்டேன் பிள்ளை. மோட்டார் சைக்கிளில் போனவனை வெள்ளைத் துணியில் சுற்றித் தந்து மூன்றாவது திவசமும் கொடுத்த பிறகு, அவன் பெயரில், அவன் எழுதிய சொல்லோடு ஒன்று வந்தால் யார்தான் திறக்காமல் விடுவார்கள். அவனுடன் படித்தவர்களுக்கும் உன் மாமி வீட்டுக்கும் வந்ததாம், ஒவ்வொருவருக்கும் அவன் அவர்களுக்கு எழுதிய பழைய வசனத்தோடேயே வந்ததாம். மாமி எனக்குப் போன் அடித்து, பிள்ளைக்கு ஏதும் சாந்தி செய்யாமல் விட்டீர்களோ என்று கேட்டா. அதைக் கேட்டு உடனே போய் அவன் படத்துக்கு விளக்கேற்றினேன்.

இது தொடங்கியது அப்பாவால். பார்சல் வந்திருக்கிறது என்று ஒரு மெயில் வர, நீ அனுப்பினாயாக்கும் என்று அதைத் திறந்துவிட்டார். பிறகு கொம்பியூட்டர் மாட்டுவண்டி மாதிரி ஓடியது, நாங்கள் அனுப்பாத மெயில்கள் போய்ச் சேரவில்லை என்று இங்கிலிசில் திரும்பித் திரும்பி வந்தன. பழசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு இருந்தோம். அந்தக் கொம்பியூட்டருக்குள் தம்பியின் மெயிலும் திறந்தபடியே கிடந்ததை நாங்கள் யோசிக்கவே இல்லை. ஊர்காவற்றுறையில் கொம்பியூட்டர் திருத்தும் வினோஜாவைக் கூப்பிட்டேன். அந்தப் பிள்ளை வந்த உடனே இன்ரநெற் வயரைக் கழற்றிவிட்டு, "அன்ரி, இது ஆவியும் இல்லை ஒண்டும் இல்லை, வைரஸ். பழைய மெயில் எல்லாத்தையும் களவெடுத்து, அதுக்குப் பதில் போடுற மாதிரித் தானே அனுப்புது" என்று விளங்கப்படுத்தினாள். அப்போதுதான் மூச்சு வந்தது.

ஆனால் அப்பா வயரைத் திரும்பக் கொழுவச் சொன்னார். அவருக்கும் தம்பியின் பெயரில் மெயில் வந்திருக்கிறது, எனக்குச் சொல்லவில்லை. காலையில் தேத்தண்ணீரோடு போய்க் கொம்பியூட்டருக்கு முன்னால் ஏன் இருக்கிறார் என்று இப்போதுதான் விளங்கியது. "பொய் எண்டு எனக்கும் தெரியும், எண்டாலும் அவன்ரை பேர் வருகுதல்லோ, இருக்கட்டும் விடும்" என்று என்னிடம் சொன்னார். நான் அவரிடம், உங்களுக்கு அது பேர், நிசாவுக்கு அது நெஞ்சிலே குத்து, இன்னும் எத்தனை பேரைப் போய்க் குத்த வேண்டும் என்று கேட்டேன். செய்யுங்கோ என்று எழும்பிப் போனார்.

கொம்பியூட்டரை மட்டும் துப்புரவாக்கினால் போதாதாம், கள்ளருக்குத் தம்பியின் பாஸ்வேட் தெரியுமாம், அதை மாற்ற வேண்டுமாம். மாற்றுவதற்கு ஒரு இலக்கம் வரும், அது அவனுடைய பழைய போனுக்குத்தான் போகும் என்றாள். அவன் போனபின் அந்த நம்பருக்கு நாங்கள் காசு போடவில்லை, கொம்பனி அதை வேறு யாருக்கோ கொடுத்திருந்தது. அப்பாதான் அந்த நம்பருக்கு அடித்தார். ஒரு பெண்குரல் ஹலோ என்று சொன்னதும் போனை என் கையில் தந்துவிட்டார். நான் இலக்கத்தைக் கேட்க, "இப்பிடித்தானே கள்ளர் கேக்கிறவை" என்று அந்தப் பிள்ளை வைத்துவிட்டது. அது சரிதானே, நீயும் அப்படித்தான் செய்ய வேண்டும். திரும்ப எடுத்து, செத்த பிள்ளையின் தாய் பேசுகிறேன் என்றேன். அந்தப் பிள்ளை, "மெய்யெண்டால் வீட்டை வாங்கோ, முகத்தைப் பாத்துத் தாறன்" என்றது. பெயர் நிலுஷா, மண்கும்பானில் கடற்கரைப் பக்கம் வீடு. ஓட்டோ பிடித்து, தம்பியின் படத்தையும் எடுத்துக்கொண்டு, வினோஜாவும் தன் லப்டொப்போடு மூன்று பேருமாகப் போனோம்.

நிலுஷாவுக்கு உன் வயதுதான் இருக்கும், மடியில் ஒரு கைக்குழந்தை. தம்பியின் படத்தை நிலுஷா கனநேரம் பார்த்தது. இலக்கம் வர வாசித்துச் சொல்லியது, வினோஜா தட்டினாள், கள்ளர் வெளியே போய்விட்டார்கள் என்றாள். எல்லாவற்றையும் அழித்துவிடவா என்று கேட்க அப்பா, "அழிக்க வேண்டாம் பிள்ளை, பூட்டி வையும்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நேரம்தான் நிலுஷா என்னிடம் மெல்ல ஒன்று சொன்னது. முதலில் தம்பியைக் கேட்டு நிறையப் பேர் போன் எடுப்பார்களாம், பிறகு நின்றுவிட்டதாம், ஒரு வெளிநாட்டு நம்பர் மட்டும் இன்னும் எடுக்குமாம், பேசாதாம். "முதல் ஏசினனான் அம்மா. பிறகு ஒருநாள் அழுற சத்தம் கேட்டுது. இப்ப வந்தால் எடுத்து மேசையிலை வைச்சிட்டு என்ரை வேலையைப் பாப்பன், அவையளா வைக்குமட்டும் நான் கட் பண்ணுறேல்லை" என்று சொல்லி நம்பரைக் காட்டியது. எனக்கு அந்த நம்பர் மனப்பாடம் மகள். அப்பாவுக்குச் சொல்லவில்லை.

உன்னை வெட்கப்படுத்த இதை எழுதவில்லை. செத்தவீட்டுக்கு வர விசா கிடைக்காமல் அங்கே தனியாக அழுத பிள்ளை நீ, எங்களுக்காவது கூடி அழ ஆள் இருந்தது. எங்களோடு பேசினால் நாங்கள் உடைந்துபோவோம் என்று பயந்துதான் விசேசங்களுக்கு மட்டும் எடுத்து, சுகமா சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு வைக்கிறாய் என்று இப்போது விளங்குகிறது. நாங்கள் உடைந்து கனகாலம் பிள்ளை, இனிப் பயப்பட ஒன்றுமில்லை. நிலுஷா உன்னை மறிக்கவில்லை, அது நல்ல பிள்ளை. ஆனால் அந்த மேசையில் கிடக்கும் போனில் உன் அழுகைக்கு மறுமொழி சொல்ல யாரும் இல்லை. இங்கே நான் இருக்கிறேன். ஒன்றும் பேச வேண்டாம், எடுத்து வைத்துக்கொண்டு அழு, நானும் வைக்க மாட்டேன்.

கொம்பியூட்டரை வினோஜா வெறுமையாக்கிப் புதிதாகப் போட்டுத் தந்துவிட்டாள், தம்பியின் படங்களை வேறாக எடுத்துச் சோதித்து வைத்திருக்கிறாள். நீ அந்த இணைப்பைத் திறந்தபடியால் உன் பாஸ்வேட்டையும் வேறொரு நல்ல போனிலிருந்து மாற்றச் சொன்னாள், மருமகனிடம் இன்றைக்கே சொல்லு. தலைக்கு மூடாமல் வெளியே போகாதே, பிள்ளைக்குச் சளி என்றால் கற்பூரவள்ளி அங்கே கிடைக்குமோ தெரியாது, சுடுதண்ணீராவது கொடு.

அம்பாள் உங்கள் மூவரையும் தன் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். மறந்துவிடாதே, இனி யார் பெயரில் என்ன மெயில் வந்தாலும், என் பெயரில் வந்தாலும், திறக்க முதல் எனக்குப் போன் எடுத்து, அம்மா இது நீங்கள்தானா என்று கேள். ஓம் நான்தான் என்று சொல்ல நான் இன்னும் இருக்கிறேன்.

உன் வாயால் அந்தக் கேள்வியைக் கேட்கக் காத்திருக்கும்,
அம்மா சுலோஜனா