ஜூன் மாதத்து மார்க்

கிளார்க்ஸ்டேல், மிசிசிப்பி
அக்டோபர் 14, செவ்வாய்

அன்புள்ள டவேரியஸ் அண்ணனுக்கு,

ரோஷெல் எழுதுகிறேன். அம்மாவும் நானும் நலம். மீன் ஆலையில் அம்மாவைப் பகல் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். இதைப் போனில் மூன்று முறை சொன்னேன். நாலாவது முறையும், "அம்மா இன்னும் ராத்திரி வேலைக்கா போறாங்க?" என்று கேட்டாய். அதனால்தான் எழுத்தில் தருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் ஃபுட்பால் ஆட்டத்தைச் சர்ச் கூடத்து டிவியில் பார்த்தோம். பந்தோடு வந்தவனை நீ மோதிச் சாய்த்ததும் எல்லோரும் எழுந்து கத்தினார்கள். பாஸ்டர் வில்லட், "நம்ம பையன் ஆளில்லைய்யா, சுவரு!" என்றார். நான் உன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ எழுந்து எதிரணிக்காரர்கள் கூடியிருந்த பக்கம் நடந்தாய். உன் அணிக்காரன் குவென்டின்தான் உன் சட்டையைப் பிடித்துத் திருப்பிவிட்டான். அதைப் பற்றிக் கேட்டதற்கு, "வெயில் கண்ணுல அடிச்சுதுடி வாண்டு" என்றாய். அந்த மைதானத்துக்குக் கூரை இருக்கிறது, அண்ணா.

அணி டாக்டர் சோதித்தார், அடிபட்டால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று ஜூனில் வைத்த ஞாபகப் பரீட்சையில் எடுத்த அதே மார்க், தலைக்கு ஒன்றுமில்லை என்று அம்மாவிடம் சொன்னாயாம். அம்மா நம்பிவிட்டார்.

நான் நம்பவில்லை. ஜூனில் இங்கே வந்திருந்தபோது, பின்வாசலில் நின்று குவென்டினோடு போனில் சிரித்தாயே: "தெரிஞ்சதையெல்லாம் வேணும்னே தப்பா சொல்லிட்டேன்டா. இனி மண்டை கலங்கினாலும் அதே மார்க்குதான்!" நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அன்று புரியவில்லை. பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். குறைந்த மார்க் வாங்குவதற்கென்றே ஒருவன் பரீட்சை எழுதுவான் என்று எப்படித் தோன்றும்?

இப்போது போனில் முகம் காட்டிப் பேசவும் மறுக்கிறாய். வெளிச்சம் கூசுகிறதா?

ஒப்பந்தம் இந்த வருடத்தோடு முடிகிறது, உன் இடத்துக்கு ஒரு சின்னப் பையன் தயாராக இருக்கிறான். எல்லாம் தெரியும். ஆனால் இன்னொரு அடி விழுந்தால் என்ன ஆகும் என்று உனக்கும் தெரியும்.

வரும் ஞாயிறு மறுபடி ஆட்டம். வெள்ளிக்கிழமைக்குள் நீயே டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிடு. இல்லையென்றால் நானே அவரைப் போனில் கூப்பிடுவேன். பேச வேண்டியதைக் காகிதத்தில் எழுதி, யாருமில்லாத சமையலறையில் சத்தமாக வாசித்துப் பார்த்தேன். குரல் நடுங்குகிறது. ஆனாலும் கடைசி வரி வரை வந்துவிடுகிறேன்.

அதன் பிறகு நீ ஆயுசுக்கும் என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை. என் பெயர் உனக்கு ஞாபகம் இருந்தால் போதும்.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும்.

உன் தங்கை,
ரோஷெல்