உப்பை நிறுத்தச் சொன்னது யார்?

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம். அந்த “இருவரும்” என்பதைப் போன வாரம் எழுதியிருக்க முடியாது. அம்மா வேலைக்குப் போயிருக்கிறாள் என்று போனில் உன்னிடம் சொன்னது பொய், அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாள், பக்கத்து அறையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டு நான் யாருக்கு எழுதுகிறேன் என்று எட்டிப் பார்க்கிறாள், ஆகவே பதறாமல் படி.

பிரஷருக்கு அவள் சாப்பிடும் மாத்திரை சிறுநீரை அதிகம் போக்குகிற வகை. அதோடு உப்பும் போய்விடும் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. பேக்கரியில் அவளுக்கு அடுப்படி வேலை, வியர்வையிலும் உப்புதான் போகிறது. இதற்கு நடுவில் நீ போனில் உப்பைக் குறை, தண்ணீர் நிறையக் குடி என்றாய், நானும் பக்கத்திலிருந்து கேட்டேன். உன் அம்மாவுக்கு நீ சொன்னால் வேதவாக்கு. குறை என்றால் அறவே நிறுத்துவாள், நிறைய என்றால் குடம் குடமாகக் குடிப்பாள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று முணுமுணுத்துக்கொண்டு நான் எங்கள் பஸ் டெப்போ கேண்டீனில் சாப்பிட்டுவிட்டு வந்தேன். தலைவலி என்றாள், குமட்டல் என்றாள். சூட்டில் வாடிவிட்டாள் என்று நினைத்து நானே இன்னும் தண்ணீர் கொடுத்தேன், எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றிய கதை. மறுநாள் காலை சமையலறையில் நின்று என்னைப் பார்த்து, “சார், உங்களுக்கு எத்தனை ரொட்டி?” என்று கேட்டாள். விளையாடுகிறாள் என்று இரண்டு என்றேன். வெறுங்கையை நீட்டி வாங்கிக்கொள்ளச் சொன்னபோதுதான் ஆட்டோ பிடிக்க ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, சோடியம் மிகவும் இறங்கிவிட்டது, பொட்டாசியமும் குறைவு, ரத்தத்தின் அமில அளவும் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்றார். உடம்பில் தண்ணீருக்குக் குறைவில்லை, அதில் உப்புதான் நீர்த்துப்போய்விட்டது, அதனால் மூளைக்குள் தண்ணீர் ஏறி வீங்குகிறது என்று விளக்கினார். பேட்டரியில் ஆசிட் கொட்டிப்போனபின் வெறும் தண்ணீராக ஊற்றினால் வண்டி கிளம்புமா, அப்படித்தான் என்று புரிந்துகொண்டேன். உப்புதானே, உடனே ஏற்றிவிடுங்கள் என்றேன். அவசரப்பட்டு ஏற்றினால் மூளையே கெட்டுவிடும், மெல்ல மெல்லத்தான் ஏற்ற வேண்டும், புத்தி எவ்வளவு திரும்பும் என்பதைப் பொறுத்திருந்துதான் பார்க்க வேண்டும் என்றார். எனக்கும் பொறுமைக்கும் ஏழாம் பொருத்தம் என்று உனக்குத் தெரியும். உட்கார்ந்திருந்தேன். அவள் தண்ணீர் கேட்டுக் கெஞ்சினாள், உதட்டை மட்டும் நனைத்துவிட்டேன். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இப்போது எல்லாம் அளவுக்கு வந்துவிட்டது. மாத்திரையை மாற்றிவிட்டார்கள், உப்பு எல்லாரையும் போல, தண்ணீர் தாகத்துக்கு. பழையபடி என்னை அதட்டுகிறாள், அதிலேயே தெரிந்துவிட்டது. உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, நீ நல்லதுக்குத்தான் சொன்னாய். ஆனால் ஒன்றை நீ தெரிந்துகொள்ள வேண்டும். சேர்த்த அன்று டாக்டரம்மா என்னைக் காட்டி இவர் யார் என்று கேட்டார். உன் அம்மா வெகுநேரம் யோசித்து, எங்கேயோ பார்த்த முகம் என்றாள். அடுத்து, உப்பை நிறுத்தச் சொன்னது யார் என்று கேட்டார். அதற்கு யோசிக்கவே இல்லை. “யாரும் சொல்லலைம்மா, நானாத்தான் நிறுத்தினேன். எம் பொண்ணு ஒண்ணுமே சொல்லலை.” உன் பேச்சை அங்கே யாரும் எடுக்கவில்லை.

அடுத்த தடவை போன் செய்யும்போது அழுது மன்னிப்புக் கேட்டு வைக்காதே. உனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரிய வேண்டாம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நோய்நொடியில்லாமல் நீங்கள் இருவரும் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
எங்கேயோ பார்த்த முகமான
உன் அப்பா